சிக்கனம் கிலோ என்ன விலை?

ஏட்டி, ஒரு வாரம் கடை வாசல மிதிக்க மாட்டேன், வீட்டுல கெடக்கத வச்சே பொங்குவேன், கிழிஞ்சதத் தைப்பேன், மாடியில செடி வைப்பேன்னு சபதம் போட்டிருக்கியாமே? உங்க அம்மை போன்ல சொன்னா. சொல்லும்போதே அவ சிரிப்ப அடக்குதது எனக்கு இங்கன கேட்டுது. நான் சிரிக்கல. நல்ல காரியத்துக்கு எறங்குத பிள்ளையப் பாத்துச் சிரிக்கலாமா? போன வச்ச பொறவு சிரிச்சுக்கிட்டேன், அது வேற.

சபதத்துக்கு முந்தின நாளே சாமான் வாங்கப் போயிட்டியாம். பருப்பு போட்டு வைக்கக் கண்ணாடி ஜாடி ஒரு டசன், மூங்கில் மூடியோட. செடி வைக்கப் பை. தென்னைநார்க் கட்டி. தைக்கதுக்கு ஒரு பொட்டி, அதுக்குள்ள கலர் கலரா நூல்கண்டு. அது போதாதுன்னு ஆறு துணிப்பை. கடைக்கே போகாதவளுக்கு ஆறு பை என்னத்துக்குட்டின்னு உங்க தாத்தா கேக்காக. நான்தான் அவுக வாய அடைச்சேன். சிக்கனம்னா சும்மாவா? அதுக்கு மொதல் போட வேண்டாமா? நாலாயிரம் ரூவா செலவழிச்சு நானூறு ரூவா மிச்சம் புடிக்கதுக்கும் ஒரு தெறமை வேணும். அது நம்ம குடும்பத்துல இதுக்கு முந்தி யாருக்கும் இருந்ததில்ல.

உன்னைக் குறை சொல்லல தாயி. இப்போ சிக்கனமே ஒரு சரக்கா ஆயிப்போச்சு. நாங்க அடுப்பு எரிச்ச சிரட்டையச் செதுக்கி, எண்ணெயத் தடவி, கிண்ணம்னு விக்காங்க. சுவத்துல தட்டுன வறட்டிய எண்ணி அட்டைப்பொட்டியில அடுக்கி வாசலுக்கே கொண்டாந்து தாராங்க. பாத்திரம் தேய்க்க அங்கணத்துல கெடந்த சாம்பலுக்குக்கூடப் பேரு வச்சுப் பொட்டலம் போட்டாச்சு. இத்தன வருஷமா புறவாசல்ல கொட்டுனது அம்புட்டும் துட்டுன்னு நெனச்சா எனக்கு இப்போ வயிறு எரியுது. நம்ம குப்பைமேட்ட அப்படியே விட்டு வச்சிருந்தா, உங்க தாத்தா இந்நேரம் ஒரு கம்பேனி முதலாளி.

நாங்க படிச்ச பள்ளிக்கூடம் வேற. 1965-ல சண்டை வந்துது, மழையும் பொய்ச்சுது. அப்போ பிரதமரா இருந்த லால் பகதூர் சாஸ்திரி, திங்கக்கிழமை ராத்திரிச் சோத்த மட்டும் எல்லாரும் விட்டுருங்கன்னு கேட்டுக்கிட்டாக. ஓட்டல்காரங்ககூட அன்னைக்கு ராத்திரி அடுப்ப அணைச்சாங்க. ரேடியோவுல கேட்டுட்டு வந்து எங்க அப்பா சொன்னாக. எங்க அம்மை தலையத் தூக்காமலே, "நம்ம வீட்டுல எல்லா ராத்திரியும் திங்கக்கிழமைதான"ன்னா. ரெண்டு வருஷங் கழிச்சு, 1967 எலெக்சன்ல, ரூபாய்க்கு மூணு படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம்னு மேடைக்கு மேடை பேசுனாங்க. ஜெயிச்ச பொறவு அந்த ஒரு படியும் மெட்ராசுலயும் கோயமுத்தூருலயும்தான் மொதல்ல போட்டாங்க. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுசு. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் எங்களுக்கு லட்சியம் மட்டுந்தான் வந்து சேந்துது.

அதனால எங்களுக்குச் சிக்கன வாரம்னு தனியா ஒண்ணு கெடையாது. வருஷத்துல ஒரு நாள் தாராளமா இருப்போம், அதுக்குத்தான் பேரு உண்டு: தீவாளி. சரி, கேட்டுட்ட, சொல்லுதேன். ஆச்சி சொன்னான்னு நாலு பேருகிட்டச் சொல்லிக்கோ, ஆனா காசு வாங்காத.

மொத நாளு அடுப்பப் பத்த வைக்காத. அலமாரிய இறக்கு. எல்லாத்தையும், அடியில ஒட்டிக் கெடக்கத உள்பட. என்னென்ன வரும்னு நான் இங்கன இருந்தே சொல்லுதேன். பிரிச்ச துவரம்பருப்பு மூணு பொட்டலம் வரும், மூணும் அரைகுறை, ஒண்ணு இருக்கது தெரியாம இன்னொண்ணு வாங்குனது. 2023-அ உலகத்துக்கே சிறுதானிய வருஷம்னு ஐ.நா. சபையில சொன்னாங்களே, அப்போ ஆசையா வாங்குன சாமையும் தினையும் கத்திரி படாமக் கெடக்கும். மெலியதுக்கு வாங்குன காணம் ஒரு கிலோ. அதுக்குப் பின்னால, காணத்துனால மெலியலன்னதும் வாங்குன ஓட்ஸு. ரவையில வண்டு. அதுக்கும் கீழ, போன சித்திரையில நான் வெயில்ல முதுகு பொசுங்கக் காயப்போட்டுக் குடுத்துவிட்ட மிதுக்கவத்தலும் சீனியவரக்கா வத்தலும், கட்டுன கட்டு அவுக்காம. "வத்தல் ரொம்ப நல்லாருந்துச்சு ஆச்சி"ன்னு போன்ல சொன்னியே, அந்த வத்தல்தான்.

வண்டு விழுந்தத வீசிராத. சலிச்சு, பழைய வேட்டிய மொட்ட மாடியில விரிச்சு, காலை ஒம்பது மணி வெயில்ல பரப்பிப் போடு. உச்சிப்பொழுதுக்கு அள்ளிரலாம். வண்டு தன்னால எறங்கி நடந்து போகும், அதுக்கு யாரும் வழி சொல்ல வேண்டாம். ஆனா அள்ளுன சூட்டோட டப்பாவுல கொட்டி மூடுன, உள்ள வேர்த்துப் பூசணம் பூத்துரும். நெழல்ல ஆற வச்சுட்டுப் போடு. அரிசிக்குள்ள ரெண்டு வத்தமொளகா, பருப்புக்குள்ள ஒரு துண்டு வசம்பு, இல்லன்னா காஞ்ச வேப்பெலை. முந்தியெல்லாம் துவரைய உடைக்கதுக்கு முந்தியே செம்மண்ணக் கரைச்சுக் கட்டிக் காயவச்சு வருஷக் கணக்குக்கு வைப்போம். உன் கண்ணாடி ஜாடி அழகுதான். ஆனா வண்டுக்கும் அது அழகுதான். வெளிய வேடிக்க பாத்துக்கிட்டே திங்கும்.

அலமாரிய அடுக்கையில பழச முன்னால வையி, புதுச பின்னால தள்ளு. அவ்ளோதான் கணக்கு. இதச் சொல்லிக் குடுக்கப் பட்டணத்துல துட்டு வாங்கிக்கிட்டு வகுப்பு நடத்துதாகளாம்.

சமையலுக்கு வருவோம். அந்தக் காணத்த மொதல்ல தீரு. வெறுஞ்சட்டியில போட்டு, படபடன்னு பொரிஞ்சு வாசம் வாரவரைக்கும் வறு. கூட வத்தமொளகா, ரெண்டு பல்லு பூண்டு, தேங்கா ஒரு சில்லு, நெல்லிக்கா அளவுகூட இல்லாத புளி, உப்பு. தண்ணி தெளிச்சு நறநறன்னு அரை. மையா அரைச்சா மருந்தாப் போயிரும். சுடுசோத்துல நல்லெண்ணெய் விட்டு இந்தத் தொவையலப் போட்டுப் பெசைஞ்சு குடு. மாப்பிள்ளை ரெண்டாந்தரம் கேட்டா, காணம்னு சொல்லாத. குதிரைக்குப் போடுததத்தான் தனக்குப் போட்டியான்னு மனசு சங்கடப்படுவாக. மூணாந்தரம் கேட்டா சொல்லிரு, அப்போ கோவிக்க முடியாது.

கூட்டாஞ்சோறுதான் இந்த வாரத்துக்கு ராஜா. ப்ரிட்ஜுல ஒத்தையா நிக்க கத்தரிக்கா, பாதி வாழக்கா, வாடிப்போன முருங்கக்கா ரெண்டு துண்டு, நாலு சீனியவரக்கா. தனித்தனியா எதுக்கும் ஒதவாத இதுக எல்லாம் ஒண்ணாச் சேந்தா ஒரு பானை சோத்தையே தூக்கி நிறுத்தும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. பருப்ப மொதல்ல போடு, முக்காப் பதம் வெந்ததும் அரிசிய எறக்கு, அரிசி ஒரு கொதி வந்ததும் காய். காய் பாதி வெந்த பொறவுதான் புளித்தண்ணி. முந்தி ஊத்துன, புளிப்பு ஏறி காய் வெறைச்சுக்கிட்டு நிக்கும், எத்தன நேரம் எரிச்சாலும் வேகாது, கேஸுதான் தீரும். தேங்கா, சீரகம், வத்தமொளகா, மஞ்சப்பொடி, ரெண்டு சின்ன வெங்காயம் வச்சு அரைச்சத ஊத்தி, உப்புப் போட்டு, முருங்கக்கீரை ஒரு கை உருவிப் போட்டு மூடு. எறக்குனதும் தேங்கா எண்ணெயில வெங்காய வடகத்தப் பொரிச்சுத் தாளிச்சுக் கொட்டு. தொட்டுக்க அப்பளம். கல்லிடைக்குறிச்சி அப்பளம் உங்க அப்பன் மாசாமாசம் வாங்கியாந்து தாரானே, அதுல உடைஞ்சதா எடுத்துக்கோ, முழுசு விருந்தாளிக்கு. உடைஞ்சா ருசி வடிஞ்சா போகுது?

ஒண்ண மட்டும் கேட்டுக்கோ. எல்லாத்தையும் திங்கணும்னு சட்டமில்ல. பீர்க்கங்காத் தோலுல தொவையல் உண்டு, வாழக்காத் தோலுல பொரியல் உண்டு, நானே பண்ணுவேன். ஆனா வெங்காயத் தோலுல அல்வா, முட்டை ஓட்டுல பாயாசம்னு எவளாவது வீடியோ போட்டா போன கீழ வச்சுரு. நம்ம வீட்டுல தொட்டின்னு ஒண்ணு இருக்கு, மாடுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கும் பங்கு வேணும். கழனித்தண்ணிக்குள்ள போறதயும் நீ பொடி பண்ணித் தின்னா அது சிக்கனம் இல்ல, மாட்டுக்குப் போட்டி.

மிஞ்சுன சோத்துல ராத்திரியே தண்ணி ஊத்தி வையி. மண்சட்டி இருந்தா நல்லது, இல்லன்னா எவர்சில்வர் ஒண்ணும் கொலைகாரன் இல்ல. காலையில உப்பும் மோரும் விட்டு, ஒரு மோர்மொளகாயோ சின்ன வெங்காயமோ கடிச்சுக்கோ. எங்க காலத்துல பழையது திங்கவன் ஏழைன்னு பேரு. பந்தியில உக்காந்து, "எங்க வீட்டுல காலையில இட்லி"ன்னு பொய் சொன்னவங்கள நான் பாத்திருக்கேன். பொறவு சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு குடுத்து ஆராய்ச்சி பண்ணுனாங்க. அதுக்கடுத்தாப்பல மண்சட்டியில, வாழையெல விரிச்சு, ஓட்டல்ல பழைய சோத்துக்கு ரேட்டு போட்டாச்சு. இன்னைக்கு இட்லி தின்னுட்டு பழையது தின்னேன்னு பொய் சொல்லுதாங்க. டாக்டர் வாயால வந்தாத்தான் உங்களுக்கு ருசி தெரியுது.

செவ்வாய், புதனுக்கெல்லாம் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ரசமும் வத்தலும் தானா ஓடிரும். வெள்ளிக்கிழமை சாயங்காலந்தான் கண்டம். வேலைய முடிச்சு வந்து நாற்காலியில விழுவ. அப்போ பாத்து உன் போனு, பசிக்குதா, முப்பது ரூவா தள்ளுபடின்னு கேக்கும். பெத்த தாய்கூட அவ்ளோ கரெக்டா கேக்க மாட்டா. அதுக்குத்தான் காலையிலேயே புளிக்குழம்பு வச்சுரணும். நல்லெண்ணெயில வெங்காயம், பூண்டு வதக்கி, மிதுக்கவத்தலப் பொரிச்சுப் போட்டு, குழம்பு சுண்டி எண்ணெ மேல மிதக்கவரைக்கும் விட்டா ரெண்டு நாளைக்குக் கெடாது. சோத்த மட்டும் வடிச்சாப் போதும். தள்ளுபடிக்காரன் தானா தள்ளிப் போயிருவான்.

இன்னொரு சங்கதி. உன் ரேஷன் கார்டு எங்க இருக்கு? பீரோவுலதான இருக்கும், நகைக்குப் பக்கத்துல? துவரம்பருப்பு கிலோ முப்பது ரூவாய்க்கும் பாமாயில் லிட்டரு இருவத்தஞ்சு ரூவாய்க்கும் குடுத்துக்கிட்டிருக்கத வாங்காம, வெளிய நாலஞ்சு மடங்கு குடுத்து வாங்கிட்டு வந்து, சிக்கன வாரம் கொண்டாடுத. அரிசி கார்டுன்னா 2011-லருந்து அரிசிக்குத் துட்டே கெடையாது. கடைக்குப் போக மாட்டேன்னு சபதம் போட்டிருக்கேன்னு சொல்லாத. ரேஷன் கடை சபதத்துல சேராது. வரிசையில நிக்க வெக்கமா இருந்தா, அது ஆராய்ச்சிக்குன்னு சொல்லிக்கோ.

இப்போ தையல். அறுபது கலர் நூலயும் பொட்டியிலயே வையி, பாக்க லெச்சணமா இருக்கும். உன் பழைய சேலை ஒண்ண எடு. நூல்சேலையா எடு. நைலக்ஸுல மிதியடி தச்சா தண்ணியும் குடிக்காது, காலையும் வழுக்கி விட்டுரும், இடுப்பு ஒடிஞ்சா அதுக்கு ஆஸ்பத்திரிச் செலவு தனி. சேலை ஒரே சீரா நையாது பாத்துக்கோ. உள்ள சொருகுத தலைப்பு கடைசிவரைக்கும் புதுசாவே இருக்கும். தரையில ஒரசுத கீழ்க்கரை மொதல்ல பிஞ்சுரும். உக்காருத எடம் அடுத்தாப்பல நூல் நூலா விட்டுப்போகும். அதனால சன்னலுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சு வெளிச்சத்துல பாரு. கெட்டியா இருக்க எடத்த பைக்கும் தலகாணி உறைக்கும் எடு. மேல்கரை நாடாவாட்டம் தனியா வரும், அது பைக்குக் காது. நைஞ்சத ரெண்டங்குல அகலத்துக்குக் கிழி. கத்திரி எதுக்கு? ஓரத்துல ஒரு வெட்டு வெட்டிட்டு இழு, நூலு போற வழியில தன்னால நேரா கிழியும்.

கிழிச்ச நாடாவ முடிச்சுப் போட்டுச் சேக்காத, உள்ளங்கால்ல குத்தும். ரெண்டு முனையிலயும் பொத்தான்காஜா அளவுக்கு ஒரு கீறல் போட்டு, ஒண்ண ஒண்ணுக்குள்ள விட்டு இழு. மூணு நாடாவ எடுத்து ஜடை பின்னு. பின்னுனத நடுவுலருந்து வட்டமாச் சுத்திச் சுத்திக் கோணியூசியால தைக்கணும். அங்கதான் எல்லாவளும் கோட்டை விடுவா. டி.வி. பாத்துக்கிட்டே மடியில வச்சு இழுத்து இழுத்துத் தைப்பா. தரையில பரப்பி வச்சு, இழுக்காம தை. இல்லன்னா ஓரம் மேல எழும்பிக் குழிஞ்சுரும், மிதியடி தைக்க உக்காந்தவ தொப்பி தச்சு எந்திரிப்ப. மாப்பிள்ளை தலைக்குச் சேந்தா சரிதான்.

பையப் பத்தி ஒரு வார்த்தை. உங்க அப்பன் காலேஜுக்குப் போகையில நான் மஞ்சப்பையில துணிய வச்சுக் குடுத்தேன். பஸ் ஸ்டாண்டுல யாரும் பாக்காதப்போ அத மடிச்சு இடுப்புல சொருகிட்டு, துணியக் கையில சுருட்டிக்கிட்டுப் போனான். மஞ்சப்பையோட மெட்ராசுல எறங்குனா பட்டிக்காட்டான்னு சினிமாவுலயே சிரிச்ச காலம். 2019 ஜனவரி ஒண்ணாந்தேதி பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்துது. 2021 டிசம்பர்ல அரசாங்கமே "மீண்டும் மஞ்சப்பை"ன்னு இயக்கம் ஆரம்பிச்சுது. இப்போ உங்க அப்பன் அதத் தோள்ல மாட்டிக்கிட்டு, போட்டோ எடுத்து அனுப்புதான். சேலைத்துணியில நீயே ரெண்டு பை தைச்சுக்கோ. வாங்குன ஆறையும் கல்யாணத்துக்குத் தாம்பூலப்பையாக் குடுத்துரு. யாரு கேக்கப் போறா?

வேற கைவேலைன்னு பழைய பாட்டிலுக்குப் பெயிண்ட் அடிச்சு, கம்பளி நூலச் சுத்தி, மேல பிளாஸ்டிக் பூவச் சொருகி வரிசையா வைக்காத. குப்பையில போகவேண்டியது சுவத்துல ஏறும், நீ வாராவாரம் அதத் தொடைச்சுக்கிட்டு நிப்ப. பாட்டில் பாட்டிலாவே இருந்தா ஊறுகா போடலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலு ஒண்ணு முப்பது வருஷமா எனக்கு நார்த்தங்கா ஊறுகா சொமக்கு, ஒருநாளும் அது என்னைப் பெயிண்ட் அடின்னு கேட்டதில்ல.

தோட்டம். ஒரு வாரத்துல தோட்டத்துல ரெண்டுதான் மொளைக்கும்: ஒண்ணு வெந்தயம், இன்னொண்ணு கீழ் வீட்டுக்காரி சண்டை. பையில ஊத்துன தண்ணி ஒழுகி அவ காயப்போட்ட துணியில விழும், பாத்துக்கோ. அடியில தட்டு வையி, இல்லன்னா அவளுக்கு ஒரு கட்டுக் கீரை இப்பவே வாக்குக் குடுத்து வச்சுக்கோ.

விதை வாங்கக் கடைக்குப் போகாத. அஞ்சறைப்பொட்டியத் தொற. வெந்தயத்த ஒரு ராத்திரி ஊறப்போட்டு, மண்ணுல தூவி, மேல மெல்லிசா மண்ணப் போட்டா மூணாம் நாளு தல காட்டும். மூணு வாரத்துல கீரை. கொத்தமல்லிய முழுசா ஊணாத, உள்ளங்கையில தேய்ச்சு ரெண்டா உடைச்சுப் போடு. அது சோம்பேறி, வெளிய வரப் பத்து நாளுக்கு மேல ஆகும். மொளைச்சிருச்சான்னு நீ தெனம் விரல விட்டுக் கிண்டுனா, அது வந்த வழியே திரும்பிப் போயிரும். புதினாவ ஆய்ஞ்ச பொறவு தண்டத் தண்ணியில போட்டு வையி, வேர் விட்டதும் ஊணு. அழுகுன தக்காளியப் பிதுக்கி, விதையச் சாம்பல்ல பெரட்டிக் காயவச்சுக்கோ. அரிசி கழுவுன தண்ணிய அங்கணத்துல விடாத, செடிக்கு ஊத்து. காய்கறித் தோலையும் காஞ்ச எலையையும் ஓட்டை போட்ட வாளியில மாத்தி மாத்திப் போட்டுக் கிளறிவிட்டா ஒன்றரை, ரெண்டு மாசத்துல உரம். சோறு, எண்ணெ, மீனு முள்ளு எதையும் அதுல போடாத, எலி வந்து வாடகைக்குக் குடியேறும்.

வெண்டக்கா திங்க ஒன்றரை மாசம் ஆகும். கத்தரிக்கு நாத்து விடவே ஒரு மாசம், பொறவுதான் நடவு. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க? நீ பங்குனி வெயில்ல பையத் தூக்கிக்கிட்டு மாடியேறி, செடி கருகிட்டுன்னு என்கிட்ட அழாத. செலவு பண்ணுன பைக்கும் நார்க்கட்டிக்கும் கணக்குப் போட்டா உன் மொத தக்காளி பவுனு வெலைக்கு வரும். அத வெட்டாத, லாக்கர்ல வையி. தோட்டக்கலைத் துறையில மாடித்தோட்டத்துக்குன்னு மானிய வெலையில பை, விதை எல்லாம் குடுத்திருக்காங்க, முந்தியே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ வாங்கிட்டுத்தான கேக்க.

இவ்ளோ நேரம் விளையாட்டு. இப்போ சொல்லுதது விளையாட்டு இல்ல. சிக்கனம்னு சொன்னதும் வீட்டுல யாரு தட்டு மொதல்ல கொறையுதுன்னு பாரு. எங்க வீட்டுலயெல்லாம் பொம்பளை தட்டுதான். பானையில ஆம்பளைக்கு, பிள்ளைகளுக்குப் போக ஒட்டிக் கெடந்தத தண்ணி ஊத்திக் கலக்கிக் குடிச்சுட்டு, அதுக்கு மனசு நிறைஞ்சுட்டுன்னு பேரு வச்சோம். உங்க தாத்தா வெத்தலைச் செலவும் டீக்கடைக் கணக்கும் என்னைக்கும் சிக்கனத்துக்குள்ள வந்ததில்ல. அது "வெளிச் செலவு". இந்த வெளிச் செலவு கதையெல்லாம் மாப்பிள்ளைகிட்ட ஒத்துக்காத. அவுக ஆபீசு டீ, சிகரெட்டு உண்டுன்னா அது, வெள்ளிக்கிழமை கூட்டாளிகளோட போற செலவு, எல்லாம் நோட்டுல ஏறணும். நீ புளிக்கு நாலு ரூவா மிச்சம் புடிக்க, அவுக பார்க்கிங்குக்கு நாப்பது ரூவா குடுக்கதுன்னா, அந்தக் கணக்கு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சரிவராது.

மிச்சம் புடிச்சத வச்சு என்ன செய்யன்னு கேக்கியா? அத எவருகிட்டயும் சொல்லாத. நான் கடுகு டப்பாவுல வச்சிருந்தேன். பேரன் பேத்தி காது குத்துக்கெல்லாம் எங்கருந்து துட்டு வருதுன்னு உங்க தாத்தா ஆச்சரியப்படுவாக. அம்மன் குடுத்தாம்பேன். 2016 நவம்பர் எட்டாந்தேதி ராத்திரி, ஐந்நூறும் ஆயிரமும் செல்லாதுன்னு டி.வி.யில சொன்னாங்களே, மறுநாளு இந்தத் தெருவுல உள்ள அத்தன கடுகு டப்பாவும் பட்டாசலுக்கு வந்துது. அம்மன் குடுத்தத மாத்த அவுககிட்டயே குடுத்து பாங்கு வரிசையில நிக்க விட்டேன். கால் கடுக்க நின்னாக, பாவம். அன்னைக்கிருந்து எனக்குச் சமையல்ல ஒரு மரியாதை. இப்போ நான் கடுகு டப்பாவுல வைக்கதில்ல. எங்கன வைக்கேன்னு உனக்கும் சொல்ல மாட்டேன், நீ உங்க அம்மைகிட்டச் சொல்லிருவ.

கடைசியா ஒண்ணு. சனிக்கிழமை அடுப்படிய மாப்பிள்ளைகிட்ட விட்டுரு. நீ கட்டில்ல கால நீட்டிக் கெட. உப்பு எங்கன்னு கேப்பாக, பதில் சொல்லாத. தேடட்டும், அலமாரியில என்ன கெடக்குன்னு அப்போதான் அவுகளுக்கும் தெரியும். சோறு கொழைஞ்சா, கூட்டாஞ்சோறுன்னு சொல்லிச் சாப்பிட்டுரு, குறை சொல்லிராத, அடுத்த சனிக்கிழமை நமக்கு வேணும். இந்த யோசனைய மட்டும் உங்க தாத்தா காதுல போட்டுராத. எம்பது தாண்டிட்டு, இனிமே எனக்கு என்னத்தப் படிச்சுக் குடுப்பன்னு சொல்லித் தப்பிச்சிருவாக. அவுகளுக்கு நான் வாற வாரம் வேற வழி வச்சிருக்கேன்.